பட்டமே ஜெயிக்காத ரேஸரை எதை வெச்சு லெஜண்ட்ங்கறோம்?

கொண்டைஊசி20 (அஸ்தம்பட்டி)

வணக்கம் மக்களே. ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுக்கு பைக் ஓட்டிட்டுப் போற நம்ம கோஷ்டிக்குள்ள ஒரு சண்டை, தீரவே மாட்டேங்குது. வாட்ஸ்அப்புல எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு, அதான் இங்க கொண்டாந்து போடறேன்.

பைக் ரேஸ் உலகச் சாம்பியன்ஷிப்புல பெரிய கிளாஸ், முன்னாடி 500சிசி, இப்ப மோட்டோஜிபி. எந்தக் காலமா இருந்தாலும் அதுல ஒரு தடவைகூட உலகப் பட்டம் ஜெயிக்காத ஒருத்தரை லெஜண்ட்னு சொல்லணும்னா எதை வெச்சுச் சொல்றது?

நான் முன்னாடி நிறுத்தற ஆள் ராண்டி மமோலா. 1980, 1981, 1984, 1987. நாலு வருஷமும் ரெண்டாவது இடம். ஒவ்வொரு தடவையும் முன்னாடி நின்னது வேற வேற ஆள்: கென்னி ராபர்ட்ஸ், லுக்கினெல்லி, எடி லாசன், வெய்ன் கார்ட்னர். சுசுகியில ரெண்டு தடவை, ஹோண்டாவுல ஒன்னு, யமஹாவுல ஒன்னு. எந்தக் கம்பெனி வண்டியைக் கையில குடுத்தாலும் ரெண்டாவது வரைக்கும் கொண்டாந்து நிறுத்தியிருக்கார். மொத்தம் 13 கிராண்ட் பிரீ வெற்றி, பட்டம் மட்டும் இல்ல. ஆனாலும் 2018-ல மோட்டோஜிபியே அவரைத் தன்னோட லெஜண்ட் வரிசையில சேர்த்துக்கிச்சு.

ரோஸி பெருசா மார்க்கெஸ் பெருசானு கிளம்பறவங்களுக்குத் தனி இழை இருக்கு. இங்க வேண்டாம்.

புள்ளிக்கணக்கு (சூரமங்கலம்)

இந்தச் சண்டையே வரக்கூடாதுன்னுதானே சாம்பியன்ஷிப்னு ஒன்னு வெச்சிருக்காங்க?

ஒரு நாள் மழை, ஒரு நாள் வெயில், ஒரு டிராக் உனக்குச் சாதகம், இன்னொன்னு எனக்கு. எல்லாத்தையும் வருஷம் பூரா கூட்டிப் பார்த்து, கடைசியில யார் மேல இருக்காங்களோ அவங்கதான் அந்த வருஷத்து ஆள். நாலு தடவை ரெண்டாவதுன்னா நாலு தடவையும் அவரைவிட ஒருத்தர் நல்லா ஓட்டியிருக்கார்னு அர்த்தம். மமோலா மேல எனக்கு மரியாதை நிறையவே இருக்கு. ஆனா மரியாதை வேற, லெஜண்ட் வேற. ரெண்டாவதா வந்தவங்களுக்கெல்லாம் மாலை போட ஆரம்பிச்சா மூணாவது ஆள் சும்மா இருப்பாரா?

தட்டுவடைசெட் (நாலு ரோடு)

அப்ப எமிலியோ அல்சமோரா லெஜண்டுங்களா? 1999, 125சிசி. அந்த வருஷம் ஒரு ரேஸ்கூட ஜெயிக்காமயே உலகச் சாம்பியன் ஆனார். மெலாண்ட்ரியைவிட ஒரே ஒரு புள்ளி கூட. 227-க்கு 226.

நானும் தேடித் தேடிப் பார்த்துட்டேன், சேலத்துல அல்சமோரா ஸ்டிக்கர் ஒட்டின வண்டி ஒன்னுகூடக் கண்ணுல படலை.

புள்ளிக்கணக்கு (சூரமங்கலம்)

சாம்பியன் எல்லாரும் லெஜண்டுன்னு நான் எங்க சொன்னேன்? லெஜண்ட் ஆகணும்னா சாம்பியனாவும் இருந்திருக்கணும்னேன். பரீட்சையில பாஸ் ஆகாதவனுக்கு ரேங்க் கிடையாது, அவ்வளவுதான். அல்சமோரா பாஸ். ரேங்க் வேற விஷயம்.

குகைடூஸ்ட்ரோக் (குகை)

தம்பிகளா, பட்டறையை மூடிட்டு இப்பதான் படிச்சேன்.

புள்ளி தம்பி, மமோலா ஓட்டின 500-னா என்னன்னு முதல்ல பார்க்கணும். நம்ம ஆர்எக்ஸ் 100-ல 11 குதிரை. அதுக்கே போர்ட்டிங் பண்ணி, சைலன்சரை மாத்தி, "அண்ணா, இப்பப் பறக்குதுண்ணா"னு பசங்க வர்றாங்க. அந்தக்கால 500 டூ ஸ்ட்ரோக்ல 130 குதிரைக்கு மேல. வண்டி எடை 120 கிலோ பக்கம். கீழ் ஆர்பிஎம்ல உள்ள ஒன்னுமே இருக்காது, ஒரு இடம் தாண்டினா மொத்தமா வந்து விழும். வளைவுல சாஞ்சு கிடக்கும்போது அது வந்துச்சுன்னா பின்சக்கரம் வழுக்கும். பயந்துபோய் ஆக்சிலரேட்டரை மூடினா டயர் டக்குனு ரோட்டைப் பிடிக்கும். பிடிச்ச வேகத்துல வண்டி எதிர்ப்பக்கம் நிமிர்ந்து ஆளைத் தூக்கி வீசும். ஹைசைடுங்கறது அதைத்தான். எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் கிடையாது, ஓட்டறவன் மணிக்கட்டுதான் எல்லாம்.

மமோலாவோட 1985 மிசானோ (இத்தாலி டிராக்) வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. வண்டி அவரைத் தூக்கி எறியுது. நியாயமா ஆள் வானத்துல, வண்டி மண்ணுல கிடக்கணும். இவர் கைப்பிடியை விடலை. ரெண்டு காலும் ஒரே பக்கம் தொங்குது, வயிறு வண்டி மேல கிடக்குது, அப்படியே டிராக்கை விட்டு வெளிய ஓடுது. அந்தக் கோலத்துலயே வண்டியைக் கீழ விடாம திரும்ப ஏறி உட்கார்ந்துட்டார்.

எங்கிட்ட வேலை கத்துக்க வர்ற பசங்களுக்கு நான் அதைத்தான் போட்டுக் காட்டுவேன். அந்த வருஷம் சாம்பியன் யாருன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. (பிரெட்டி ஸ்பென்சர். 250-யும் 500-யும் ஒரே வருஷத்துல. அவரும் லேசுப்பட்ட ஆள் இல்ல.)

புள்ளிக்கணக்கு (சூரமங்கலம்)

அண்ணா, கீழ விழாம தப்பிச்சதுக்கெல்லாம் லெஜண்டுன்னா, மலைப்பாதையில எதிர்ல வர்ற பஸ்ஸுக்குத் தப்பிச்சு வீடு வந்து சேர்ற நாம எல்லாரும் லெஜண்டுதான். ஒரு வீடியோவை வெச்சு எப்படிங்க?

கொண்டைஊசி20 (அஸ்தம்பட்டி)

வீடியோவே வேண்டாம். நம்பர்லயே பேசுவோம், உங்க ஊட்டுப் பக்கமே வர்றேன்.

எடி லாசன்: 500சிசி-ல 31 வெற்றி, நாலு உலகப் பட்டம்.
டானி பெட்ரோசா: மோட்டோஜிபியில 31 வெற்றி, பட்டம் பூஜ்யம்.

125-லயும் 250-லயும் பெட்ரோசா பட்டம் வாங்கினவர்தான் (2003, 2004, 2005). பெரிய கிளாஸ்லதான் கிடைக்கலை. 2007, 2010, 2012-ல ரெண்டாவது. 2006-ல இருந்து 2017 வரைக்கும் வருஷத்துக்கு ஒரு ரேஸாவது ஜெயிச்சிருக்கார், ஒரு வருஷமும் தப்பலை. ஆள் எடை 51 கிலோ. வண்டி கிட்டத்தட்ட 160. தன்னைவிட மூணு மடங்கு கனத்தை 300 கிலோமீட்டர் வேகத்துல இருந்து பிரேக் பிடிச்சுத் திருப்பணும்.

2012-ஐ மட்டும் எடுத்துக்கங்க. பெட்ரோசா 7 ரேஸ் ஜெயிச்சார், லொரென்சோ 6. பட்டம் லொரென்சோவுக்கு, 350-க்கு 332. 18 புள்ளி வித்தியாசம். மிசானோவுல கிளம்பற வரிசையில பெட்ரோசா முதல் இடத்துல நின்னுட்டிருந்தார். வேற ஒருத்தர் வண்டி நின்னுபோய் ஸ்டார்ட்டைத் தள்ளி வெச்சாங்க. அந்தக் குழப்பத்துல இவர் முன்சக்கரத்துல டயர் வார்மர் மாட்டிக்கிச்சு. டயரைச் சூடா வெச்சுக்கச் சுத்தி வெக்கிற போர்வை, அது கழண்டு வரலை. வண்டியை வெளிய தள்ளிட்டுப் போய்க் கடைசி இடத்துல இருந்து கிளம்பினார். முதல் லேப்லயே பார்பெரா வந்து இடிச்சுட்டார். ஜெயிச்சா 25 புள்ளி கிடைச்சிருக்க வேண்டிய இடத்துல ஒன்னுமில்லாம போச்சு.

ஒரு துணிப் போர்வை கழண்டிருந்தா இந்த இழையே இருந்திருக்காது.

புள்ளிக்கணக்கு (சூரமங்கலம்)

ரெண்டு விஷயத்தை வசதியா விட்டுட்டீங்க.

ஒன்னு, லாசன் காலத்துல 1984-ல 12 ரேஸ், 1989-ல 15. பெட்ரோசா காலத்துல வருஷம் 17, 18. அதுவும் அவர் ஓடினது பதிமூணு வருஷம், எல்லாமே ஹோண்டா கம்பெனியே நேரா இறக்கற பேக்டரி வண்டி. 31-ஐயும் 31-ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கறது கண்கட்டு.

ரெண்டாவது, அதே 2012-ல ஆஸ்திரேலியாவுல பிலிப் ஐலண்ட். பட்டத்துக்கு வாழ்வா சாவாங்கற ரேஸ். ரெண்டாவது லேப்ல பெட்ரோசா தானாவே விழுந்தார். யாரும் இடிக்கலை, போர்வையும் மாட்டலை. லொரென்சோ அன்னைக்கே பட்டத்தை முடிச்சுட்டார். மிசானோவைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதறவங்க பிலிப் ஐலண்டை ஒரு வரியில தாண்டிப் போயிடறாங்க, இல்லைன்னா எழுதறதே இல்ல.

அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வரும் போகும். வருஷக் கடைசியில சரியாயிடும்.

குகைடூஸ்ட்ரோக் (குகை)

பிலிப் ஐலண்ட் நிஜம்தான் தம்பி. நான் மறுக்கலை. ஆனா பெட்ரோசா விஷயத்துல நான் ஜெயிச்சது தோத்ததைப் பார்க்கறதே இல்ல.

வளைவை விட்டு வெளிய வரும்போது என்ன பண்றார்னு பாருங்க. உடம்பு இன்னும் உள்பக்கம் தொங்கிட்டிருக்கும், ஆனா வண்டியை மட்டும் கையால தள்ளி நிமிர்த்திடுவார். மத்தவங்க வண்டி சாஞ்சு கிடக்கற நேரத்துல இவர் வண்டி நிமிர்ந்து நிக்கும். நிமிர்ந்தா டயரோட தட்டையான பாகம் ரோட்டுல உட்காரும், பிடிமானம் கூடும், முன்கூட்டியே ஆக்சிலரேட்டர் திறக்கலாம். எடை இல்லாத ஆள். டயரை அழுத்தி, சூடாக்கி, அதுல பிடிமானம் எடுக்கற வசதி அவருக்குக் கிடையாது. குளிர்நாள்ல அதனாலயே ரொம்பத் திண்டாடுவார். இருக்கற உடம்பை வெச்சு ஒரு வழி கண்டுபிடிச்சார். இன்னைக்கு அப்படி வண்டியை நிமிர்த்தாத ரேஸர் யாராவது இருக்காங்களா?

அப்புறம் 2018-ல ஓட்டறதை நிறுத்திட்டு கேடிஎம்-க்கு டெஸ்ட் ரைடராப் போனார். அதுவரைக்கும் அந்த வண்டி ஒரு ரேஸ்கூட ஜெயிச்சதில்ல. 2020-ல பிராட் பிண்டர் பிர்னோவுல ஜெயிச்சார். 2023-ல பெட்ரோசாவே வைல்டு கார்டா (வருஷம் பூரா இல்லாம, அந்தந்த ரேஸுக்கு மட்டும் விருந்தாளியா) வந்து ஹெரெஸ்ல சனிக்கிழமை ஸ்பிரின்ட்ல (குட்டி ரேஸ்) ஆறாவது, ஞாயித்துக்கிழமை ஏழாவது. மிசானோவுல ரெண்டு ரேஸ்லயும் நாலாவது. 38-ஐ நெருங்கற வயசு, வருஷம் பூரா ரேஸ் ஓட்டறவங்களுக்கு நடுவுல வந்து.

எனக்கு லெஜண்டுன்னா அடுத்தவன் அவர்கிட்ட இருந்து எதை எடுத்துக்கிட்டாங்கறதுதான். கப்பு அவர் வீட்டு அலமாரியில இருக்கும். கை வேலை ஊர் பூரா பரவிடும்.

சோழவரம்பார்த்தவன் (செவ்வாய்பேட்டை)

இளைஞர்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஒரு கிழவன் குறுக்கே வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன்பு சென்னைக்கு வடக்கே சோழவரத்தில்தான் பந்தயம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. சேலத்திலிருந்து இரவு ரயிலேறிப் போய் வெயிலில் நின்று பார்ப்போம். வண்டிகள் கிளம்பும்போது ஆமணக்கு எண்ணெய் கருகும் வாசனை வரும். பந்தய வண்டிகளுக்கு அந்த எண்ணெய்தான் ஊற்றுவார்கள். இப்போதும் செக்கடியில் அந்த வாசனை வந்தால் எனக்குக் காதுக்குள் இரைச்சல் கேட்கும்.

ஒருவர் யெஸ்டி ஓட்டுவார். அவர் எந்த ஆண்டு எத்தனையாவது வந்தார் என்று இப்போது கேட்டால் சொல்ல மாட்டேன், நினைவிலேயே இல்லை. ஆனால் நீளமான நேர்ப்பாதை முடிந்து திரும்புமிடத்தில், மற்றவர்கள் பிரேக் பிடித்த பிறகும் இவர் குனிந்தே இருப்பார். "இப்போ, இப்போ" என்று கூட்டமே எண்ணும். பிறகு எழுந்து, காலை ஊன்றாமல் திருப்பிவிடுவார். அவர் தடத்தில் இருக்கும் வரை யாரும் தேநீர் குடிக்கப் போக மாட்டார்கள்.

நான்கு சக்கரத்தில் ஒரு கதை சொல்ல அனுமதியுங்கள். ஸ்டர்லிங் மாஸ், 1955 முதல் 1958 வரை தொடர்ந்து நான்கு முறை ஃபார்முலா ஒன்றில் இரண்டாம் இடம். 1958-ல் மாஸ் நான்கு பந்தயம் வென்றார், ஹாத்தார்ன் ஒன்றே ஒன்று. போர்ச்சுகலில் ஹாத்தார்னின் வண்டி சுழன்று நின்றது. எதிர்த்திசையில் நகர்த்திக் கிளப்பினார் என்று அவரைத் தகுதி நீக்கம் செய்யப் பார்த்தார்கள். மாஸே போய், "அவர் தடத்தில் அல்ல, நடைபாதை மேல்தான் நகர்த்தினார்" என்று சாட்சி சொன்னார். ஹாத்தார்னுக்குப் புள்ளிகள் நிலைத்தன. ஆண்டு முடிவில் பட்டம் ஹாத்தார்னுக்கு, ஒரு புள்ளி வித்தியாசத்தில். மாஸ் கடைசி வரை பட்டம் வெல்லவில்லை.

புள்ளிக்கணக்குத் தம்பி, அந்த ஒரு புள்ளியை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

புள்ளிக்கணக்கு (சூரமங்கலம்)

ஐயா, மாஸ் கதையைப் படிச்சா எனக்கும் தொண்டை அடைக்குது. ஆனா அது அவரோட குணம். ஓட்டுன ஓட்டுக்கும் குணத்துக்கும் தனித்தனி மார்க் போடணும். மமோலா ஆப்பிரிக்காவுல பண்ணின சேவையைக்கூட இப்படித்தான் உள்ள கொண்டாருவாங்க பாருங்க, இன்னும் யாரும் எடுக்கலையேன்னு காத்திருக்கேன்.

தட்டுவடைசெட் (நாலு ரோடு)

நீங்களே எடுத்துட்டீங்களே தல 😄

தெரியாதவங்களுக்கு: ஆப்பிரிக்காவுல சுகாதாரப் பணியாளர்களுக்குக் குடுத்த பைக்குங்க சின்னச் சின்ன ரிப்பேருக்கே மூலையில துரு ஏறிக் கிடந்துச்சு. அதைப் பார்த்துட்டு மமோலாவும், பேரி கோல்மன், ஆண்ட்ரியா கோல்மன் தம்பதியும் சேர்ந்து ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. வண்டியை ஓட்டக் கத்துக்குடுக்கறது, செயின், ஆயில், பில்டர் பார்க்கக் கத்துக்குடுக்கறது, இதுதான் வேலை. குகை அண்ணனுக்குக் கண்ணு கலங்கும்.

குகைடூஸ்ட்ரோக் (குகை)

செயினுக்கு ஆயில் விடாம கொண்டாந்து நிறுத்தற நம்மூர்ப் பசங்களுக்கும் அந்த அமைப்பு வந்தா தேவலை.

காபித்தோட்டம் (ஏற்காடு)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுக்கு எழுதாம இருக்க முடியலை.

புள்ளி அண்ணா "பரீட்சையில பாஸ்"னு சொன்னதைத்தான் நான் கேக்கறேன். ஹால் டிக்கெட்டே குடுக்காதவங்களை என்ன பண்ணுவீங்க?

பெரில் ஸ்வெய்ன்னு ஒரு அம்மா. 1962-ல மேன் தீவு டிடி ரேஸ்ல 50சிசி கிளாஸ்ல ஓட்டினாங்க. அங்க தனியா பைக் ஓட்டி ரேஸ்ல கலந்துக்கிட்ட முதல் பெண். ஒரு சுத்து 60 கிலோமீட்டர், ஊருக்குள்ள, மலை மேல, வீட்டுச் சுவத்தை உரசிட்டுப் போற ரோடு. 22-ஆவதா வந்தாங்க. அதுக்கப்புறம் அவங்க சர்வதேச லைசென்ஸையே பிடுங்கிட்டாங்க. காரணம் அவங்க மோசமா ஓட்டினது இல்ல. பெண்ணா இருந்தது. அடுத்த வருஷம் 15-ஆவது வந்திருப்பாங்களா, அஞ்சாவது வந்திருப்பாங்களா, யாருக்குத் தெரியும்? புள்ளி போடறதுக்கு ரேஸே இல்ல.

நான் இங்க எஸ்டேட் மண் ரோட்டுலதான் ஓட்டக் கத்துக்கிட்டேன். மழை பெஞ்சதுக்கு மறுநாள் செம்மண்ணு சோப்பு மாதிரி இருக்கும், காபிச் செடிக்கு நடுவுல விழுந்தா மானம் போகும், தோட்டத்துல வேலை செய்யறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச முகம். ஒரு தடவை வெளியூர்ல ஒரு மண் ரேஸுக்குப் பேர் குடுக்கப் போனேன். பெண்கள் கிளாஸுக்கு ஆள் சேரலைன்னு அன்னைக்குக் காலையில ரத்து பண்ணிட்டாங்க. ஆம்பளைங்க கூடவே ஓட்டறேன்னேன். "விதியில இடம் இல்லம்மா"ன்னாங்க. காசைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, அதுல குறை சொல்லக்கூடாது.

22-ஆவது இடம் வந்தவங்களை நான் லெஜண்டுன்னு சொல்லுவேன். யாரும் அடிக்க வராதீங்க.

கொண்டைஊசி20 (அஸ்தம்பட்டி)

யாரு அடிக்கறது தங்கச்சி, நான் இதைத் தொட்டுத்தான் நம்ம நாட்டு ஆளுங்ககிட்ட வரணும்னு இருந்தேன்.

சி.எஸ். சந்தோஷ். பாலைவனம், மலைன்னு நாள் கணக்கா ஓடற டக்கார் ராலியில 2015-ல 36-ஆவது. புள்ளியோட கணக்குல ஒன்னுமே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி டக்காரை முடிச்ச இந்தியர் ஒருத்தர்கூடக் கிடையாது. 2013-ல அபுதாபி பாலைவனத்துல வண்டி தீப்பிடிச்சு உடம்பு வெந்தது, அதையும் தாண்டித்தான் போனார். 2021 டக்கார்ல விழுந்து, டாக்டருங்க மருந்து குடுத்து மயக்கத்துலயே வெச்சிருந்து, அதுல இருந்தும் மீண்டு வந்தார்.

அவர் திறந்த வாசல்லதான் கே.பி. அரவிந்த் போனார், ஹரித் நோவா போனார். ஹரித் கேரளா ஷொர்ணூர்க்காரர், 2024-ல ஓட்டினது ஷெர்கோ டிவிஎஸ் டீமுக்கு, அதுல டிவிஎஸ் நம்ம ஓசூர்க் கம்பெனி. அந்த வருஷம் ராலி 2 பிரிவுல (டாப் பிரிவுக்கு அடுத்தது) முதல் இடம், மொத்தத்துல 11-ஆவது.

புள்ளிக்கணக்கு (சூரமங்கலம்)

ஹரித் பிரிவு ஜெயிச்சவர், அவருக்கு என்கிட்ட இடம் உண்டு. சந்தோஷ் வழி போட்டவர், அதையும் ஒத்துக்கறேன். ஆனா "முதல்ல போனவர்"ங்கறதுக்கும் "லெஜண்ட் ரேஸர்"ங்கறதுக்கும் நடுவுல ஒரு கோடு வேணும். இல்லைன்னா முதல் முதலா ஏற்காட்டுக்கு பைக் ஓட்டிட்டுப் போனவருக்கும் சிலை வெக்கணும்.

பெரில் ஸ்வெய்னைப் பத்தி நான் பேசலை. அவங்களை என் கணக்குல அடைக்க முடியலை. அது என் கணக்கோட பிரச்சனைன்னு வெச்சுக்கங்க.

குகைடூஸ்ட்ரோக் (குகை)

இன்னும் யாரும் நோரிபூமி ஆபேவைச் சொல்லலையே, என்னப்பா இது.

1994, ஜப்பான்ல சுசூகா டிராக். 18 வயசுப் பையன், வைல்டு கார்டு. உலகச் சாம்பியன்ஷிப்புல அதுதான் முதல் ரேஸ். கெவின் ஷ்வாண்ட்ஸ், மிக் டூஹன் ரெண்டு பேரோட முட்டி மோதி ஓட்டறான். நீள முடி ஹெல்மெட்டுக்குக் கீழ பறக்குது. நடப்புச் சாம்பியன் ஷ்வாண்ட்ஸையே தாண்டறான். மூணு லேப் பாக்கி இருக்கும்போது முன்சக்கரம் வழுக்கி விழுந்தான். புள்ளி: பூஜ்யம்.

அந்த ரேஸை இத்தாலியில ஒரு பதினஞ்சு வயசுப் பையன் பார்த்துட்டுத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கான். அப்புறம் தனக்கே ரோஸிபூமின்னு பேர் வெச்சுக்கிட்டான். வேற யாரு, வாலண்டினோ ரோஸிதான்.

ஆபே 500-ல ஜெயிச்சதே மூணு ரேஸ்தான். 1996 சுசூகா, 1999 ரியோ, 2000 சுசூகா. பட்டத்துக்குப் பக்கத்துலகூட வந்ததில்ல. 2007 அக்டோபர் 7, கவாசாகி நகரத்துல ஸ்கூட்டர்ல போயிட்டிருந்தப்ப, திரும்பக் கூடாத இடத்துல ஒரு லாரி யூ டர்ன் அடிச்சுது. போய்ட்டார். 32 வயசு.

காபித்தோட்டம் (ஏற்காடு)

குகை அண்ணா கடைசியா எழுதினதை அப்படியே எடுத்து மலைப்பாதைக் கோஷ்டிக்குப் போடணும். ஆபே மாதிரி ஆளையே ரோடு விடலை.

ஞாயித்துக்கிழமை காலையில அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும் டைமிங் போடறாங்க, கேமராவை ஹெல்மெட்ல மாட்டிக்கிட்டு. வளைவுல எதிர்ல வர்றது பால் வண்டியா, குழந்தைங்களை ஏத்திட்டு வர்ற ஜீப்பான்னு அவங்களுக்குத் தெரியறதில்ல. எங்க தோட்டத்துக்காரங்க குப்பனூர் வழியா இறங்கிடறாங்க, அங்கயும் இப்ப ஆரம்பிச்சுட்டாங்க. ஆசை இருந்தா செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேக்குப் போங்க. கோயமுத்தூர்தானே, டிராக் நாள்ல காசு கட்டினா ஓட்டலாம். அங்க எதிர்ல யாரும் வரமாட்டாங்க.

நெறியாளர்

மலைப்பாதை டைமிங் வீடியோ இணைப்பு போட்ட ரெண்டு பதிவுகளை நீக்கியாச்சு. டூ ஸ்ட்ரோக் ஆயில் பத்தின பதிவுகளைத் தனி இழைக்கு மாத்தியிருக்கேன். இங்க விஷயத்தோட நில்லுங்க.

தட்டுவடைசெட் (நாலு ரோடு)

விஷயத்துக்கு வர்றேன். நோரியுகி ஹாகா. மோட்டோஜிபி இல்ல, சூப்பர்பைக். நம்ம கடை வண்டி மாதிரியே இருக்கற வண்டியில ரேஸ்.

43 வெற்றி. ஆமா, நாப்பத்து மூணு. பட்டம் இல்ல. 2000, 2007, 2009 மூணு தடவை ரெண்டாவது. 2007-ல டோஸ்லேண்டுகிட்ட 2 புள்ளியில போச்சு, 415-க்கு 413. 2009-ல பென் ஸ்பீஸ்கிட்ட 6 புள்ளியில, 462-க்கு 456. பின்சக்கரம் ஆடிக்கிட்டே வளைவுக்குள்ள போற அழகு இருக்கே, பார்க்கறவனுக்குத்தான் உசுரு போகும்.

ஒரு பக்கம் ஒரு ரேஸ்கூட ஜெயிக்காத சாம்பியன். இன்னொரு பக்கம் 43 ஜெயிச்சும் சாம்பியன் ஆகாதவர். கணக்கு வாத்தியார் பதில் சொல்லட்டும்.

புள்ளிக்கணக்கு (சூரமங்கலம்)

2000-த்தை எழுதும்போது பாதியோட நிறுத்திட்டீங்க. அந்த வருஷம் ஹாகா எபிட்ரின்ங்கற தடை செஞ்ச மருந்துக்கான சோதனையில மாட்டினார், அவர் புள்ளியைக் கழிச்சாங்க, கடைசி ரவுண்டு ஓட்ட விடலை. பட்டம் காலின் எட்வர்ட்ஸுக்குப் போச்சு. 2009-லயும் கடைசி ரவுண்டு நடந்த போர்ச்சுகல்ல முதல் ரேஸ்லயே விழுந்தார். அதிர்ஷ்டம் இல்ல அது.

சரி, இத்தனை பேர் அடிக்கறீங்க, நானும் கொஞ்சம் நகர்றேன். எனக்கு ஒரு சோதனை தோணுது. ஒரு வருஷத்துச் சாம்பியன் எப்படிப் பட்டம் ஜெயிச்சார்னு கதை சொல்லும்போது, பட்டம் ஜெயிக்காத இந்த ஆளோட பேரைச் சொல்லாம அந்தக் கதையைச் சொல்லவே முடியலைன்னா, அவரை உள்ள விடலாம். 2012 லொரென்சோ கதையை பெட்ரோசா இல்லாம சொல்ல முடியாது. சரி, பெட்ரோசா உள்ள. மாஸ் இல்லாம 1958 ஹாத்தார்ன் இல்ல, ஐயாவுக்காக அவரும் உள்ள. மமோலா? 1981 லுக்கினெல்லி பட்டம் ஜெயிச்ச கதையில இவர் கண்டிப்பா வர்றார், 1984-ல லாசன் கதையில ஓரமாத்தான் வர்றார். பாதிக் கதவு திறந்து வெச்சிருக்கேன்.

குகைடூஸ்ட்ரோக் (குகை)

சோதனை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஆபே அதுல தோத்துடுவார். 1994-ல டூஹன் பட்டம் ஜெயிச்ச கதையில ஆபேவுக்கு ஒரு வரி கிடைச்சா அதிகம். ரோஸி கதையில முதல் பக்கத்துலயே இருக்கார். சாம்பியன் கதைதான், ஆனா ஜெயிச்சது வேற வருஷம், வேற ஆள். இவரை எந்த வருஷத்துக் கணக்குல எழுதுவீங்க?

புள்ளிக்கணக்கு (சூரமங்கலம்)

ஆபேவை யோசிச்சுச் சொல்றேன் அண்ணா. 1994 சுசூகாவை இன்னைக்கு ராத்திரி முழுசாப் பார்த்துட்டு வர்றேன். ஹாகாவை மட்டும் 2000-க்காகவே சேர்க்க மாட்டேன், அதுல யாரும் என்னை அசைக்க முடியாது.